பட்டதாரியின் இரண்டாவது அரிச்சுவடி

"கணக்கியல் பட்டம் வாங்கிட்டு இப்ப பாதிரியார் படிப்பா தம்பி? வேலை கிடைக்கலையா?" ரிங்லெட் சாப்பாட்டுக் கடையில் அப்பாவின் நண்பர் கேட்டது இது. இறையியல் படிக்கும் எல்லாரும் ஆயர் ஆவதில்லை. ஆசிரியராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் போகிறவர்கள் உண்டு. வேலை பற்றிய கேள்விதான் சிரமமானது. தேயிலைத் தோட்டத்து வீட்டில் ஒரு பட்டம் என்பது குடும்பமே சேர்ந்து வாங்கியது. இன்னொரு படிப்புக்குப் போகும்போது அந்தக் கணக்கையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் பொதுப் பல்கலைக்கழகங்களில் இஸ்லாமிய இறையியலுக்குத் துறைகள் உண்டு. கிறிஸ்துவ இறையியலுக்கு இல்லை. எஸ்.பி.எம். தேர்வில் பைபிள் அறிவு ஒரு பாடம், அதோடு சரி. அதற்குமேல் படிக்க திருச்சபைகள் நடத்தும் கல்லூரிகளுக்குத்தான் போக வேண்டும். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லூத்தரன் திருச்சபைகள் இணைந்து நடத்தும் செமினாரி தியோலோஜி மலேசியா 1979இல் தொடங்கியது; இப்போது சிரம்பானில் இருக்கிறது. வேறு துறைப் பட்டதாரிகள் அங்கே எம்.டிவ். என்ற முதுநிலைப் படிப்பில் சேரலாம். இந்தியாவில் 1818இல் தோன்றிய செராம்பூர் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமையை 1827இல் டென்மார்க் மன்னர் கொடுத்தார். அதன் பி.டி. பட்டத்துக்குப் பெங்களூரு, சென்னை, மதுரைக் கல்லூரிகளில் படிக்கலாம்.

சேர நினைப்பவர்கள் முதலில் பணத்தைப் பாருங்கள். எம்.கியூ.ஏ. அங்கீகாரம் இல்லாத படிப்புக்குப் பி.டி.பி.டி.என். கடன் கிடையாது. பழைய கடனோ அப்படியே நிற்கும். திருச்சபை செலவை ஏற்றால், முடித்தபின் எத்தனை ஆண்டு சேவை செய்ய வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நம்பிக்கைக் குறைவு என்று யாராவது முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

வகுப்பில் நான் மறுபடி முதலாம் வகுப்புப் பையன். கிரேக்க எழுத்துகளை நோட்டில் எழுதிப் பழகினேன். வலமிருந்து இடமாக ஓடும் எபிரேயம் அடுத்து. அதைவிடத் தடுமாற வைத்தது வேறு. இயேசு எருசலேம் ஆலயத்தில் வணிகர்களை விரட்டிய நிகழ்ச்சி யோவான் நூலில் தொடக்கத்திலேயே, இரண்டாம் அதிகாரத்தில் வருகிறது. மற்ற மூன்று நற்செய்தி நூல்களிலும் அது அவருடைய கடைசி நாள்களில் நடக்கிறது. ஞாயிறு பள்ளியில் வருடக்கணக்காகக் கேட்ட கதை. இந்த முரண் என் கண்ணில் பட்டதே இல்லை. கணக்கியலில் இரு பேரேடுகள் ஒத்துப்போகாவிட்டால் ஒன்றில் பிழை. இங்கே அப்படி அல்ல, ஆசிரியர் தம் நோக்கத்துக்கேற்ப வரிசையை அமைத்திருக்கலாம் என்றார் விரிவுரையாளர்.

இதை வீட்டில் எப்படிச் சொல்வது? வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. அங்கே கேட்ட சொல்லை 'வேதாகம விமர்சனம்' என்று பெயர்த்தால் பாட்டிக்குக் குறைசொல்வதாகத்தான் கேட்கும். 'திறனாய்வு' என்று இலக்கிய மாணவர்கள் சொல்வதே பொருந்துகிறது. 2010 கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் கிறிஸ்துவர்கள் சுமார் 6 விழுக்காட்டினர். அவர்களில் தமிழில் ஜெபிப்பவர்களிடம் திரும்பப் போகிறவருக்கு ஆங்கிலம் மட்டும் போதாது. கல்லூரியைத் தேர்வு செய்யும்போது பயிற்று மொழியையும் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். மதுரை அரசரடியில் 1969இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழில் கற்பிக்கிறது. இலங்கையில் கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையில் 1963 முதல் இயங்கும் கல்லூரி சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கிறது. அதுவும் நம்மைப் போல் மலைநாடுதான்.

விடுமுறையில் ரிங்லெட் வந்தபோது ஆலயக் கதையைப் பாட்டியிடம் மெதுவாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ ரெண்டு தடவை விரட்டியிருப்பாரோ?" என்றார்.

சில அறிஞர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றேன். "மத்தவங்க என்ன சொல்றாங்க?" என்று நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.