சீகை விதைக்க வேண்டாம்

கோத்தகிரிப் பக்கம் வீடு கட்டியிருக்கும் உறவினர் ஒருவர், தோட்டத்து ஓரத்தில் மஞ்சள் பூச் சீகையை விதை போட்டு வளர்க்கலாமா என்று கேட்டிருந்தார். (தலைக்குத் தேய்க்கும் சீகைக்காய் வேறு, இது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது.) பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு இது மிமோசா. தென் பிரான்சில் மாந்தலியூ என்ற ஊரில் பிப்ரவரி மாதம் இந்தப் பூவுக்கு விழாவே எடுக்கிறார்கள். அழகில் குறையில்லை.

வளர்ப்பதும் சுலபம்தான். விதையின் தோல் கெட்டி. கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றி ஓர் இரவு ஊறவைத்தால் பருத்துவிடும்; பருத்ததை எடுத்து விதைத்தால் முளைக்கும். காட்டில் வெந்நீர் ஊற்ற யார் இருக்கிறார்கள்? அங்கே அந்த வேலையைத் தீ செய்கிறது. அதுவரை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் கெடாமல் கிடக்கும்.

வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காக ஊட்டிக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு நம் அரசும் ஏக்கர் ஏக்கராக நட்டது. கறுப்புச் சீகையின் பட்டை தோல் பதனிட உதவும். நமக்குப் பக்கத்து ராணிப்பேட்டை, ஆம்பூர்த் தோல் தொழிலுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் தேவைப்பட்ட காலம் அது. நட்டவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நட்டது பெரும்பாலும் புல்வெளியில். மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைக்கு விடும் புல்வெளி அது. வரையாடு மேயும் இடம். வெறும் நிலம் என்று எந்த ஃபைலில் எழுதினார்களோ!

இப்போது அந்நிய மரங்களை அகற்றும் வேலை நடக்கிறது, நல்லது. ஆனால் வெட்டியதோடு கணக்கை முடிப்பது எனக்கு உடன்பாடில்லை. வெட்டிய இடத்தில் வெயில் பட்டதும் கன்றுகள் அடர்த்தியாகக் கிளம்பும், வேரிலிருந்தும் துளிர்க்கும். ஆண்டுதோறும் போய்ப் பிடுங்க ஆள் வேண்டும், அதற்கு நிதி வேண்டும். ஓரிக்கைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாலாற்றில் சீமைக்கருவேலத்தை அடியோடு வெட்டிய பிறகு அது எப்படித் தழைக்கிறது என்று பார்த்தவர்கள்தானே நாம்!

உறவினருக்குக் காட்டுப்பூவரசு வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். அந்த மலைக்கே உரிய மரம், சிவப்பாகப் பூக்கும். வளர நாளாகும். அவருக்கு வயது நாற்பதுதான், காத்திருக்கலாம்.