முகமூடி கடைசியில் வரட்டும்

தோட்டத்தில் ஒரு தொழிலாளிக்கு ஆபத்து நேர்ந்தால் முதலில் எழும் கேள்வி என்ன? "முகமூடி போட்டிருந்தானா? கையுறை மாட்டியிருந்தாளா?" இல்லை என்று பதில் வந்துவிட்டால் நிர்வாகத்திற்குப் பெரிய நிம்மதி. குற்றம் தொழிலாளியின் தலையில் இறங்கிவிடும். விசாரணையும் அத்தோடு முடிந்துவிடும். இந்த வழக்கம் ஒழிந்தாக வேண்டும்.

1991 மே 7ஆம் நாள் சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அந்தக் கோரத்திற்குப் பிறகே 1994ல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பிறந்தது. 2022ல் திருத்தப்பட்ட அச்சட்டம் 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. வேலையில் என்ன ஆபத்து உண்டு, அது யாரைத் தாக்கும் என்பதை முதலாளி முன்கூட்டியே மதிப்பிட்டாக வேண்டும். கடமை தவறினால் அபராதம் 5 லட்சம் வெள்ளி வரை போகலாம். முன்பு அது 50,000தான்.

நல்ல சட்டம், மறுக்கவில்லை. ஆனால் மதிப்பீடு எங்கே நடக்கிறது? ஆபீஸ் மேசையில்! போன வருடத்துத் தாளில் தேதியை மட்டும் மாற்றினால் இந்த வருடத்து மதிப்பீடு தயார். கிராணி மேசையிலிருந்தே இதைச் சொல்கிறோம். முதுகில் பம்பைச் சுமந்து களை மருந்து அடிக்கும் பெண்ணைக் கேளுங்கள். காற்று எப்போது திரும்பும், எந்த மேட்டில் கால் வழுக்கும், எந்தப் பம்பு ஒழுகி முதுகை நனைக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவாள். அவளைக் கேட்காத மதிப்பீடு யாரைக் காப்பாற்றும்?

ஆபத்தைத் தடுப்பதற்கு ஒரு வரிசை உண்டு. ஆபத்தையே அகற்ற முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் தீங்கு குறைந்த பொருளுக்கு மாற வேண்டும். பிறகு கருவியையும் வேலை முறையையும் திருத்த வேண்டும். முகமூடியும் கையுறையும் வருவது கடைசியில். நமக்கோ வரிசை தலைகீழ்!

பாரகுவாட் என்ற களைக்கொல்லியின் கதையைப் பாருங்கள். உடலுக்குள் போனால் முறிவு மருந்தே இல்லாத நஞ்சு அது. 2002ல் தடை என்றார்கள், 2006ல் தளர்த்தினார்கள். முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1 அன்றுதான். இடையில் எத்தனை வருடம்! அவ்வளவு காலமும் "கவசம் அணிந்தால் பயமில்லை" என்பதே பதில். நம் நாட்டு வெயிலில் ரப்பர் கையுறை, பூட்ஸ், முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு எத்தனை மணி நேரம் மருந்து அடிக்க முடியும்? அப்படிச் சொன்னவர்கள் ஒரு நாள் அடித்துக் காட்டியிருக்கலாம்.

"விபத்தில்லாத நாட்கள்" என்ற பலகையும் நமக்கு உவப்பாயில்லை. எண்ணிக்கை ஏறினால் பரிசு என்றால் காயத்தை மறைக்கத்தான் தோன்றும். உளி வெட்டிய காயம் சொக்சோவுக்குப் போகாமல் கட்டோடு நின்றுவிடும். நாளை விரல் முடங்கினால் தொழிலாளி எதைக் காட்டி உதவித்தொகை கேட்பான்?

40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருந்தாக வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. உடனடி ஆபத்தைச் சொல்லியும் நிர்வாகம் அகற்றாவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையைப் புதிய திருத்தம் தருகிறது. அதற்காகத் தொழிலாளியைப் பழிவாங்கக் கூடாது.

கிளைத் தலைவர்களே! அடுத்த குழுக் கூட்டத்தில் உங்கள் தோட்டத்து மதிப்பீட்டுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். பிரட்டில் அதைத் தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நம்மோடு நிற்கிறார்கள். அவர்களுக்கும் புரியும் மொழியில் வாசிக்கட்டும். மருந்து அடிப்பவர்களில் ஒருவர் குழுவில் இல்லையென்றால், அந்த இடத்தை முதலில் கேளுங்கள்.