மிருதங்கம் உள்ளே, பறை வெளியே

ராசிபுரம் பக்கத்து மாதா கோயில் திருவிழாவில் எங்க பெரியப்பா பறையடிப்பார். தேருக்கு முன்னால் தெருத்தெருவாய் அடித்து வருவார். கோயில் வந்ததும் சுரூபத்தை இறக்கி உள்ளே தூக்கிப் போவார்கள். பெரியப்பா வாசப்படியோடு நிற்பார். உள்ளே பாடற்குழு ஆர்மோனியமும் மிருதங்கமுமாய்த் தொடங்கும். "நம்முளுது வெளியிலதாண்டா" என்பார். அவரும் ஞானஸ்நானம் வாங்கினவர்தான்.

ஏன் வெளியே என்று கேட்டால் காரணம் ரெண்டு சொல்கிறார்கள். பறை சாவுக்கொட்டாம். சரி, அடக்கப் பூசைக்குப் பிணத்தை பீடத்துக்கு முன்னால்தானே வைக்கிறீர்கள்? பிணம் வரலாம், கொட்டு வரக்கூடாதா? அடுத்தது மாட்டுத்தோலாம். தோழர்களே, மிருதங்கத்தில் கட்டியிருப்பது என்ன, வாழை இலையா? அதிலும் மாட்டுத்தோல்தான் போகிறது. தோல் பார்த்து, சீவி, இழுத்துக் கட்டுகிறவர்களில் பலர் தலித் கிறிஸ்தவர்கள். தஞ்சாவூர் செபஸ்தியான் குடும்பம் உட்பட அவர்கள் கதையை டி.எம். கிருஷ்ணா 2020-ல் புத்தகமாகவே எழுதினார். ஆக தோல் தீட்டில்லை. அடிக்கிற கைதான் தீட்டு.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் அந்தந்த மக்களின் சொந்த இசைக்கு வழிபாட்டில் இடம் கொடுக்கச் சொன்னது. இலத்தீன் போனது, தமிழ் வந்தது. எந்தத் தமிழ் மக்களின் இசை? 1977-ல் திருச்சியில் கலைக்காவிரி பிறந்தது. பரதமும் கர்நாடகமும் திருச்சபையின் 'இந்தியப் பண்பாடு' ஆயின. புதுசில்லை இது. பிராமணச் சந்நியாசி வேடத்தில் தத்துவப் போதகர் நம்ம சேந்தமங்கலம், சேலம் பக்கம் வந்தது 1623-ல். அதே வருஷம்தான் ரோமாபுரி குடுமியையும் பூணூலையும் அனுமதித்தது. பூணூலுக்கு அன்றே கதவு திறந்தது. பறைக்கு நானூறு வருஷம் கழித்தும் வாசப்படி.

இந்தியக் கத்தோலிக்கர் 1.9 கோடியில் 1.2 கோடி தலித்துகள் என்று ஆயர் பேரவையே 2016-ல் எழுதிக்கொண்டது. 2008 மார்ச்சில் எறையூரில் தனிப் பங்கு கேட்ட நம் சனங்களின் வீடுகள் நொறுக்கப்பட்டன. பாட்டு, கல்லறை, பங்கு எல்லாம் ஒரே சுவர்தான்.

'இழிதொழிலை எதுக்குத் தூக்கிப் பிடிக்கிறே' என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். ஊர்ச்சாவுக்குக் கூலிக்கு அடிக்கமாட்டோம் என்று குச்சியைக் கீழே போட்டவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் திண்டுக்கல்லில் சிஸ்டர் சந்திராவின் சக்தி கலைக்குழு தலித் பெண்பிள்ளைகள் கையில் பறையைக் கொடுத்ததே, அதை யாரும் அடிமைத்தொழில் என்பார்களா? யார் சொல்லி அடிக்கிறோம், யாருக்காக அடிக்கிறோம், அதுதான் வித்தியாசம். (எங்க பக்கத்தில் இன்னொன்றும் உண்டு: அருந்ததியர் கொட்டு வேறே, நம்ம கொட்டு வேறே என்று நமக்குள்ளேயே பிரிக்கிற வாய்கள். அதுவும் பூணூல்தான்.)

தோலைத் தீயில் காய்ச்சணுமே, கோயிலுக்குள் எப்படி என்று ஒரு சாமியார் கேட்டார். உயிர்ப்பு ராத்திரி கோயில் வாசலில் அவர்களே புதுத்தீ மூட்டி மந்திரிக்கிறார்கள். அதில் பாஸ்காத்திரி கொளுத்தி எல்லாரும் உள்ளே போகிறார்கள். அடுத்த வருஷம் அந்தத் தீயில் நாங்களும் பறையைக் காய்ச்சுவோம். திரிக்குப் பின்னால் அடித்துக்கொண்டே படியேறுவோம். யார் தடுக்கிறார்கள் என்று பார்க்கலாம்.