கொழும்புக்குப் போகும் நம் பிள்ளைகள்

கொழும்புத் துறைமுகம் வளர்ந்ததில் மலையக உழைப்புக்குப் பெரும் பங்குண்டு. 1867இல் கண்டிக்கு ரயில் பாதை வந்ததே கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கத்தான். 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. இன்றும் நாம் பறிக்கும் கொழுந்துக்கு விலை வைப்பது அங்கேதான்.

இப்போது தேயிலை போன வழியில் நம் பிள்ளைகளும் போகிறார்கள். புறக்கோட்டைக் கடைகளிலும் வெள்ளவத்தை ஹோட்டல்களிலும் வேலை செய்கிறார்கள். போவது தவறல்ல. நியமனக் கடிதமும் ஈ.பீ.எப். பணமும் இல்லாமல் உழைப்பதைத்தான் நாம் ஏற்க முடியாது.

தோட்டத்தில் நமக்குள்ள ஊழியர் சேமலாப நிதி, கடையில் நிற்கும் பிள்ளைக்கும் சட்டப்படி உண்டு. சம்பளத்தில் 8 வீதம் தொழிலாளியின் பங்கு. 12 வீதம் முதலாளி போட வேண்டும். ஈ.டீ.எப்.புக்கு இன்னும் 3 வீதம் முதலாளியே கட்ட வேண்டும். சாப்பாடும் தங்க இடமும் கொடுத்தால் இந்தக் கடமை தீர்ந்துவிடாது.

பெற்றோரே, பிள்ளையை பஸ் ஏற்றுவதற்கு முன் கடையின் பெயர், முகவரி, சம்பளம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பணம் கட்டாத முதலாளி மீது தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். தொழிற்சங்கமும் தோட்ட எல்லையோடு நின்றுவிடக் கூடாது. பிள்ளைகள் உழைக்கும் இடத்துக்கு நாமும் போக வேண்டும்.