பேகம்பூரில் இடம் வாங்குவோர் கவனத்துக்கு! புரோக்கர் பேச்சு பத்திரம் ஆகுமா?

“பாய், இன்னைக்கே டோக்கன் அட்வான்ஸ் போட்டுருங்க. நாளைக்கு வந்தா இடம் இருக்காது. மதுரைக்காரர் ஒருத்தர் பணத்தோட நிக்கிறாரு!”

பேகம்பூர் டீக்கடை பெஞ்சில் இந்தப் பேச்சு புதிதல்ல. அந்த மதுரைக்காரர் யார், எங்கே நிற்கிறார் என்பது மட்டும் கடைசி வரை யாருக்கும் தெரியாது!

கடைக்காரரோ குமாஸ்தாவோ, ஆயுசில் ஒரு தடவைதான் இடம் வாங்குகிறார். சீட்டு எடுத்த பணம், வீட்டுக்காரி நகை, பாங்கிக் கடன் எல்லாம் அதில் போகிறது. புரோக்கருக்கு அது இன்னொரு வியாபாரம். வில்லங்கமே இங்கேதான் ஆரம்பம்.

புரோக்கரே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எந்தத் தெருவில் எந்த வீடு விலைக்கு வருகிறது, விற்பவருக்கு என்ன அவசரம் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அந்த உழைப்புக்குக் கமிஷன் நியாயம். ஆனால் இடத்தைக் காட்டுகிற வேலை வேறு. பத்திரத்தைப் பார்க்கிற வேலை வேறு. இரண்டையும் ஒரே ஆளிடம் விடுவதுதான் தப்பு.

கமிஷன் கணக்கு

20 லட்ச ரூபாய் இடம். கமிஷன் நூற்றுக்கு இரண்டு என்று பேச்சு. புரோக்கருக்கு 40 ஆயிரம். வாங்குகிறவருக்காகப் பேசி விலையை ஒரு லட்சம் குறைத்தால் புரோக்கருக்கு 2 ஆயிரம் நட்டம். “பத்திரத்தில் ஏதோ இடிக்குது” என்று உண்மையைச் சொன்னால் 40 ஆயிரமும் போச்சு!

அப்படியானால் அவர் யார் பக்கம்? வாங்குபவர் பக்கமும் இல்லை, விற்பவர் பக்கமும் இல்லை. “எப்படியாவது முடியணும்” என்கிற பக்கம். இதற்குக் கெட்ட மனசு தேவையில்லை. கமிஷன் முறையே அப்படி.

2016-ல் நடந்தது என்ன?

“பஞ்சாயத்து அப்ரூவல் சார், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்.” தமிழ்நாடு பூராவும் இப்படிச் சொல்லியே மனைகள் விற்றன. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறை (டி.டி.சி.பி.) ஒப்புதல் வேண்டும்; பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது என்பதைச் சொன்னவர்கள் எத்தனை பேர்?

2016 செப்டம்பர் 9-ந்தேதி இடி விழுந்தது. விளைநிலங்கள் மனைகளாவதைத் தடுக்கக் கோரிய பொதுநல வழக்கில், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. பதிவு ஆபீசுகள் வெறிச்சோடின. மகள் கல்யாணத்துக்கு மனையை விற்கலாம் என்றிருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். கையில் பதிவான பத்திரம் இருந்தது, வரி கட்டிய ரசீது இருந்தது. ஆனால் விற்க முடியவில்லை!

2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டு வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளைக் கட்டணம் கட்டி முறைப்படுத்த வழி பிறந்தது. கட்டணம் கட்டியது யார்? மனைக்காரர். கமிஷன் வாங்கியவரைத் தேடிப் பிடிக்க முடிந்ததா?

“பதிவாயிருச்சுல்ல, அப்புறம் என்ன?” என்பதும் புரோக்கர்களின் மந்திரம். பதிவு ஆனாலே உரிமை சுத்தம் என்று அர்த்தமில்லை. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாக்கியது. விற்பவருக்கு அந்த சொத்தில் உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளர் வேலை இல்லை என்பது தீர்ப்பு. அப்படியானால் யார் வேலை? வாங்குபவர் வேலைதான்!

பழைய ஊர், பழைய பங்கு

பேகம்பூர் பழைய ஊர். ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகத்தின் பெயரால் வந்த ஊர் என்பார்கள். பழைய ஊர் என்றால் பழைய வீடு. பழைய வீடு என்றால் வாரிசுகள் பல பேர்.

முஸ்லிம் குடும்பத்தில் ஷரீஅத்படி பெண் மக்களுக்குப் பங்கு உண்டு. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. 2005-ல் நாடு முழுவதும் வந்தது. அண்ணன் தம்பி மட்டும் கையெழுத்துப் போட்டு, “தங்கச்சி ஒண்ணும் கேட்காது” என்று புரோக்கர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். தங்கச்சி கேட்காவிட்டால் தங்கச்சி மகன் கேட்பான்!

வக்பு நிலம், கோவில் நிலம், புறம்போக்கு ஆகியவற்றை உரிய அனுமதி இல்லாமல் விற்றால் பதிவு செய்ய மறுக்கலாம். சர்வே நம்பரை வைத்து முன்கூட்டியே பார்த்துக் கொள்வது வாங்குகிறவர் பொறுப்பு.

பத்திரத்தில் தெரியாத வில்லங்கம் ஒன்றும் இந்த வட்டாரத்தில் உண்டு. அது தண்ணீர். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றி 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த பிரபல தீர்ப்பில் திண்டுக்கல் மாவட்டமும் சேர்ந்திருந்தது. ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்க ஆகும் செலவு, ஒரு நாள் மளிகைச் செலவுதான்.

அட்வான்சுக்கு முன்னால்...

* 30 வருஷ வில்லங்கம், மூலப்பத்திரம், பட்டா மூன்றையும் தனக்கென்று ஒரு வக்கீலிடம் காட்ட வேண்டும். புரோக்கர் கூட்டி வரும் வக்கீல் கூடாது.

* புதிய மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 12 சென்ட்டுக்கு மேல் என்றால் ‘ரெரா’ சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். அதை விற்றுத்தரும் ஏஜெண்டுக்கும் பதிவு எண் வேண்டும். இல்லாவிட்டால் ஏஜெண்டுக்கு நாளொன்றுக்கு 10 ஆயிரம் ரூபாய் அபராதம். எண்ணைக் கேட்டதும் முகம் மாறினால் விஷயம் புரிந்துவிடும். தனி ஆளின் பழைய வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே இரட்டைக் கவனம் தேவை.

* ‘பவர்’ ஏஜெண்ட் விற்றால், பவர் கொடுத்தவரை நேரில் பார்க்க வேண்டும். அவர் இறந்தால் பவரும் செத்தது. பவர் பத்திரத்தால் மட்டும் சொத்து கைமாறாது என்று 2011-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

* அட்வான்சை விற்பவர் பாங்கிக் கணக்கில் போட வேண்டும். புரோக்கர் கையில் அல்ல. கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் சட்டம்.

* முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்சத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம்! இதைக் கணக்கில் வைக்காமல் விலை பேசக் கூடாது.

விற்பவருக்கும் உண்டு

விற்பவர் ஏமாறுவது வேறு விதம். “உங்களுக்கு 18 லட்சம் வந்தால் போதும்ல?” என்பார் புரோக்கர். வாங்குபவரிடம் 20 லட்சம் என்பார். இரண்டு பேரையும் பத்திர ஆபீஸ் வரை சந்திக்க விடமாட்டார். நடுவில் 2 லட்சம் மாயம்! வாங்குபவரும் விற்பவரும் ஒரு தடவை நேருக்கு நேர் உட்கார்ந்து டீ குடித்தால் இந்த வித்தை பலிக்காது. கமிஷன் எவ்வளவு, எப்போது என்று முதலிலேயே ஒரு தாளில் எழுதி, பதிவு முடிந்த அன்று கொடுப்பதே சரி.

20 ஆயிரம் ரூபாய்க்கு மேல் அட்வான்சை ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. அது விழுவது விற்பவர் தலையில். “பாதி வெள்ளை, பாதி கருப்பு” என்று யோசனை சொன்ன புரோக்கர் அப்போது பக்கத்தில் இருக்க மாட்டார்.

நல்ல புரோக்கர் “வக்கீலிடம் காட்டிவிட்டு வாங்க” என்பார். “இன்னைக்கே முடிங்க” என்பவரிடம் ஒரே பதில்தான்: “மதுரைக்காரருக்கே கொடுத்துருங்க!”