ஏடுகளுக்கு ஓர் இல்லம்

கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் கடல் கடந்து சிங்கப்பூரில் உழைத்த நம் முன்னோர், ஊர் திரும்பியபோது பொருளை மட்டுமா கொண்டு வந்தனர்? கடிதக் கட்டுகளையும், கப்பல் சீட்டுகளையும், கடைக் கணக்கேடுகளையும், சங்கக் கூட்டக் குறிப்புகளையும் பெட்டியில் வைத்தே கொண்டு வந்தனர். இன்று பழைய வீடுகள் இடிபடும்போது அவை என்னவாகின்றன? தமிழெழுத்தில் இருப்பவை எடைக்குப் போகின்றன. அரபுத்தமிழில் இருப்பவையோ, அரபெழுத்தென்னும் மரியாதையால் மண்ணில் புதைக்கப்படுகின்றன. ஓடும் நீரில் விடப்படுகின்றன. வாசிக்கத் தெரியாத பேரனுக்குப் பாட்டியாரின் கடிதமும் ஓதும் கிதாபும் ஒன்றாகவே தோன்றும்.

இவற்றுக்கு ஓர் இல்லம் வேண்டுமென்றால், உடனே மனை விலையைப் பற்றிய பேச்சுத்தான் எழுகிறது. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் நிலம் வாங்கி மண்டபம் எழுப்பிவிடலாம். விமான நிலையம் அருகிலேயே இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருவோர் பார்க்க வசதி என்பர் சிலர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. காரும் கைப்பேசியும் செய்து அனுப்புவதற்கு அமைந்த பாதை அது. கடையநல்லூருக்கும் அதற்கும் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவு. தம் பாட்டனார் எழுதிய கடிதத்தைக் காண, ஒரு பெண்மணி அத்தனை தூரம் சென்று லாரிகளுக்கிடையே வழி கேட்க வேண்டுமா?

சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828-30இல் எழுந்த நாகூர் தர்கா, 1974இல் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. புதுப்பிக்கப்பெற்று, 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. போற்றத்தக்க பணி. ஆயினும் காட்சிக்கூடம் வேறு, ஆவணக் காப்பகம் வேறு. அங்கேயே, சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. அதன் பெயர் ஒரு தமிழ் மொழி நிலையத்தில் இன்றும் வாழ்கிறது. அப்பள்ளியில் பயின்றவரின் நோட்டும் சான்றிதழும் நம் வீட்டுப் பரணில் கிடந்தால், அவற்றை யாரிடம் ஒப்படைப்பது?

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் 1992இல் மறைந்த பின், அவர் சேர்த்த நூல்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. வாங்கியும் கடல் கடத்தாமல், 1994இல் சென்னையிலேயே நூலகமாக்கியது. அதனை வாழவைப்பது கட்டடமன்று. பட்டியலிடுவோரும், படமெடுப்போரும், செல்லரிக்காமல் காப்போருமே ஆவர். அவர்களுக்கு மாதந்தோறும் ஊதியம் வேண்டுமன்றோ?

பள்ளிவாசலுக்கும் மத்ரஸாவுக்கும் முஸாபர்கானாவுக்கும் வக்ஃப் செய்த சமுதாயம் நம் சமுதாயம். ஓர் ஆவணக் காப்பாளரின் ஊதியத்திற்கு வக்ஃப் செய்ய நமக்கு மனமில்லையா? மண்டபத்திற்கு ஒதுக்கும் தொகையை நிலைநிதியாக்குவோம். பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி போன்ற, நம் ஊர்களுக்கு அண்மையிலுள்ள கல்லூரி ஒன்றின் நூலகத்தில் மூல ஏடுகள் இருக்கட்டும். படிகளுள் ஒன்று சென்னையிலும் மற்றொன்று சிங்கப்பூரிலும் இருக்கட்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாதவை மீளவேயில்லை. ஓரிடத்தை மட்டும் நம்புவது கூடாதென்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

நிலம் பிறகு வாங்கலாம். விலை ஏறினாலும் நிலம் எங்கும் போய்விடாது. ஏடு அப்படியன்று. அரபுத்தமிழை வாசிக்கத் தெரிந்த பெரியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களை அருகில் அமர்த்தி, ஒவ்வொரு தாளிலும் இருப்பது இன்னதென்று எழுதி வைப்பதே முதற் கடமை. அவர்களும் போய்விட்டால், எத்தகைய மாளிகை கட்டினாலும் அதனுள் இருப்பவை பேசா ஏடுகளே.