ரெண்டு மருந்து, ஒரே விதி

1/
சிவகாசிப் பக்கம் 'மருந்து'ன்னா ரெண்டு அர்த்தம். ஒண்ணு பட்டாசுக்குள்ள போறது, இன்னொண்ணு நம்ம வயித்துக்குள்ள போறது. முதல் மருந்துகிட்ட காட்டுற கவனத்துல பாதியைக்கூட நாம ரெண்டாவது மருந்துகிட்ட காட்டுறதில்ல. இந்த இழை அதைப் பத்தித்தான்.

2/
வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர். தனித்தனியா இருந்தா ஒரு குணம், சேர்ந்தா வேற குணம். அதனாலதான் கலக்குற அறைக்குள்ள பழகின ஆள் மட்டும் போகணும், கொஞ்சம் கொஞ்சமா கலக்கணும், மிச்ச மருந்தை மறுநாளைக்கு வைக்கக் கூடாதுன்னு இருக்கு. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம். இதைப் பார்த்த ஊருக்கு விதி எதுக்குன்னு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல.

3/
அதே ஊர்ல வேலை முடிஞ்சு வர்றவங்க மெடிக்கல்ல நின்னு கேக்குறது: "அண்ணாச்சி, உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க." நாலஞ்சு அட்டையில இருந்து மாத்திரையைப் பிரிச்சு பேப்பர் கவர்ல போட்டுக் கொடுத்துடுவாங்க. பேர் இல்ல, தேதி இல்ல, பில் இல்ல. எல்லாக் கடையும் இப்படி இல்லதான். ஆனா ஊர் ஊருக்கு லேபிளும் அட்டைப்பெட்டியும் அச்சடிச்சு அனுப்புற ஊர்ல, லேபிள் இல்லாத மாத்திரை இவ்வளவு சகஜமா இருக்கக் கூடாது.

4/
அந்தக் கவர்ல பெரும்பாலும் என்ன இருக்கும்? காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், வலிக்கு டைக்ளோபினாக் மாதிரி ஒண்ணு, சளிக்கு ஒண்ணு, வயித்துக்கு ஒண்ணு. பல நேரம் கூடவே ஒரு குட்டி ஸ்டீராய்டு மாத்திரை. "அந்தக் கடை மாத்திரை கைமேல கேக்கும்"னு பேர் வர்றதுக்கு இந்தக் குட்டி மாத்திரைதான் காரணம்.

5/
ஸ்டீராய்டு அருமையான மருந்து. டாக்டர் அளவு சொல்லி, நாள் கணக்கு சொல்லி எழுதும்போது உயிரையே காப்பாத்தும். அதையே வாரத்துக்கு நாலு நாள் தெரியாம முழுங்கினா சுகர் ஏறும், பிரஷர் ஏறும், எலும்பு பலம் குறையும். முகம் உப்பும். "உடம்பு தேறிட்டா"ன்னு அக்கம்பக்கம் சொல்லும். பல மாசம் சாப்பிட்டுட்டுத் திடீர்னு நிறுத்தினா ஆளையே சாய்ச்சிடும்.

6/
வலி மாத்திரை பாடு தனி. நம்ம விருதுநகர் வெயில்ல நாள் முழுக்க வேர்க்குது. பாத்ரூம் போக வசதி இல்லன்னு பல பெண்கள் தண்ணியே குடிக்கிறதில்ல. உடம்பு வத்திக் கிடக்கும்போது டைக்ளோபினாக் போட்டா அடி விழுறது கிட்னிக்கு. பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். கர்ப்பிணிகள், அல்சர் உள்ளவங்க டாக்டரைக் கேக்காமத் தொடவே கூடாது.

7/
ஐப்பசி, கார்த்திகை மழைக்கு டெங்கு வரும். டெங்குக் காய்ச்சல்ல டைக்ளோபினாக், இபுப்ரூபன், ஆஸ்பிரின் எல்லாம் ரத்தக் கசிவைக் கூட்டலாம். பாராசிட்டமால் போதும். அதுலயும் கணக்கு வேணும். செட்ல ஒண்ணு இருக்கும், வீட்ல இருக்கிற 650ம் போடுவோம். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினா கல்லீரல் கெடும். ஒல்லியானவங்க, குடிக்கிறவங்களுக்கு அந்த எல்லை இன்னும் கம்மி.

8/
ஓபியில நான் முதல்ல கேக்குறது: "இதுக்கு முன்னாடி என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" வர்ற பதில்: "வெள்ளை ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு, அப்புறம் ஒரு பாதி." உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு வாங்க வந்திருப்பாங்க. எந்த மருந்து ஒத்துக்கலன்னு எனக்கும் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது. அடுத்த தடவை அதே மருந்து வேற கவர்ல வரும்.

9/
பேரும் பேட்ச் நம்பரும் எதுக்குன்னு கேட்டா, 2025 அக்டோபரை நினைச்சுப் பாருங்க. நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரான கோல்ட்ரிப் இருமல் சிரப், பேட்ச் எஸ்ஆர்-13. அதுல டை எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவீதம். மத்தியப் பிரதேசத்துல 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் போயிட்டாங்க. தமிழ்நாடு அரசு விற்பனையை நிறுத்தினப்போ, பாட்டிலைத் திருப்பிப் பார்த்து "நம்மகிட்ட இருக்கிறது அதுவா?"ன்னு சரிபார்க்க முடிஞ்சது லேபிள் இருந்தவங்களாலதான்.

10/
அட்டையில சிவப்புக் கோடு இருந்தா அது டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாத மருந்து. சட்டம் இருக்கு. ஆனா தொழிலாளியை மட்டும் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. ஓபி வரிசையில நின்னா அரை நாள் கூலி போச்சு. மெடிக்கல்ல ரெண்டே நிமிஷம். அந்த அரை நாளைக் கொடுக்க வேண்டியது ஆலை முதலாளிகள். காய்ச்சலோட வர்றவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி அன்னிக்குக் கூலியைப் பிடிக்காம இருக்கிறதும் பாதுகாப்பு ஏற்பாடுதான், மணல் வாளி மாதிரி.

11/
நாம செய்யக்கூடியது:
• "செட்" கேக்காதீங்க. பேர் தெரியிற மாதிரி அட்டையோட கேளுங்க, பில்லும் வாங்குங்க.
• பேரும் தேதியும் உள்ள பக்கத்தைக் கடைசி வரை கிழிக்காதீங்க.
• ஒருத்தர் மிச்சம் வெச்ச மாத்திரையை இன்னொருத்தர் சாப்பிட வேண்டாம்.
• ஒத்துக்காத மருந்துப் பேரை எழுதி போன்ல வெச்சுக்கோங்க.
• பல மாசமா செட் சாப்பிடுறீங்கன்னா நீங்களா சட்டுனு நிறுத்தாதீங்க. டாக்டரைப் பாருங்க, சுகர், பிரஷர், கிரியாட்டினின் மூணும் பாருங்க.

12/
ஆரம்ப சுகாதார நிலையத்துல மருந்து இலவசம். இஎஸ்ஐ கார்டு இருந்தா பயன்படுத்துங்க, அது உங்க காசு. சந்தேகம்னா 104க்குக் கூப்பிடுங்க. பேர் தெரியாத மருந்தைக் கலவை அறையில யாராவது கையில கொடுத்தா வாங்குவீங்களா? மெடிக்கல்லயும் அதே கேள்வியைக் கேளுங்க: "அண்ணாச்சி, இதுல என்னென்ன இருக்கு?" வீட்ல வலி மாத்திரை போடுற அம்மாவுக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க.